ஏசி மாற்றப் போகிறீர்களா? பைப்பைச் சுரண்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

இன்று மதியம்தான் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. 14,600 ரூபாய் போச்சு.

பதினோரு வருடம் ஓடிய எங்கள் ஒன்றரை டன் ஏசி, அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் கம்ப்ரசர் போய் நின்றுவிட்டது. மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, சென்னை வெயில் தாங்காது. மறுநாளே பல பிராண்டு விற்கும் ஒரு ஷோரூமுக்கு ஓடினோம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதால் மெஷின் விலை கட்டுப்படியானது. "இன்ஸ்டலேஷன் ஃப்ரீக்கா" என்றார்கள்.

கடை அனுப்பிய ஃபிட்டர் தம்பி வந்து பார்த்தார். "உங்க பழசு ஆர்22 கேஸ், புதுசு ஆர்32. இதுல பிரஷர் ரொம்ப அதிகம்க்கா, பழைய பைப் தாங்காது" என்றார். ஆர்22, ஆர்32 என்பவை ஏசியைக் குளிர வைக்கும் வாயு வகைகள். புதியதில் பிரஷர் அதிகம் என்பது உண்மைதான், நானும் விசாரித்தேன். அந்த ஒரு உண்மையைச் சொன்னதால்தான் மற்ற எல்லாவற்றையும் நம்பினேன். அறைக்குள் இருக்கும் யூனிட்டையும் வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட்டையும் இணைத்து இந்த கேஸைக் கொண்டுபோகும் பைப், பெட்டியோடு வந்தது மூன்று மீட்டர். அவுட்டோர் மொட்டை மாடியில் இருப்பதால் இன்னும் எட்டு மீட்டர் வேண்டும். மீட்டர் ஆயிரம் என்று 8,000. ஸ்டாண்டு 1,200, ஒயர் 2,900, கேஸ் 2,500. மொத்தம் 14,600, ரொக்கமாக. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "சுத்தமான காப்பர்க்கா, என் வீடு மாதிரி நினைச்சு செஞ்சிருக்கேன்." காபி போட்டுக் கொடுத்தேன் அவருக்கு.

இருபதாவது நாள் குளிர்ச்சி நின்றது. இன்று கம்பெனி ஆள் வந்து, மாடியில் பைப்பைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினார். செம்பு நிறம் தூளாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்! ஜாயின்ட் வழியாக கேஸ் முழுக்கப் போயிருக்கிறது.

கடைக்குப் போன் செய்தேன். "ஃபிட்டிங் எங்க பொறுப்பு இல்ல மேடம், அவங்க வெளியாளு." அனுப்பியது நீங்கள்தானே? "பில் இருக்கா?" ஃபிட்டரைக் கேட்டால், "கடை கொடுத்த பைப்தானேக்கா, அங்கயே கேளுங்க." அப்புறம் போனை எடுக்கவே இல்லை. நடுவில் என் 14,600 ரூபாய்க்கு யாரும் சொந்தக்காரர் இல்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: மெஷின் வாங்கும் முன்பே பைப் எத்தனை மீட்டர், மீட்டர் என்ன விலை என்று கடையின் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பொருத்தும் முன் வெட்டிய முனையைச் சுரண்டிப் பாருங்கள். துண்டுச் சீட்டுக்கு ரொக்கம் கொடுக்காதீர்கள்.

மாமியார் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன்.