லிஃப்ட் கிட் போட்ட பிறகு வண்டி தூக்கி அடிக்கிறதா? நீலகிரிச் சாலைகளில் நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

வண்டியை 40 மி.மீ. உயர்த்தும் காயில் ஸ்பிரிங், நான்கு கேஸ் ஷாக் (வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்). ஜிம்னி, தார் வைத்திருப்பவர்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விரும்பி மாட்டும் செட் இது. மாட்டிய முதல் வாரத்திலேயே வரும் புகாரும் ஒன்றுதான்: "கம்பெனி ஷாக்கே தேவலை, இப்போ மாட்டு வண்டி மாதிரி அடிக்குது." உடனே ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் கோளாறு மாட்டிய விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் அடி எப்படிப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பதித்திருக்கும் பேவர் பிளாக் மேல் பொடிப்பொடியாக நடுங்கினால் டயரையும் புஷ்ஷையும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை) பாருங்கள். வேகத்தடையில் ஏறும்போது 'டம்' என்று மொட்டையாக இடித்தால் பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் முழுக்க அமுங்கும்போது இரும்போடு இரும்பு இடிக்காமல் தடுக்கும் கட்டை. இறங்கும்போது 'டக்' என்று இரும்புச் சத்தம் வந்தால் ஷாக்கின் நீளம் போதவில்லை. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) வைத்த வண்டியில் ஸ்டேரிங்கை ஒடிக்கும்போது 'டங்' என்றால், ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் அதற்கென உள்ள படியில் உட்காரவில்லை, அல்லது மேல் மவுன்ட் பேரிங் போய்விட்டது. எல்லாவற்றையும் 'ஹார்டா இருக்கு' என்று ஒரே சொல்லில் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது.

காற்று விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை சுற்றுகிறது. மலை ஏறினால் டயரில் காற்று கூடும், அதனால்தான் அடிக்கிறது என்பார்கள். பாதிதான் உண்மை. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கு வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைகிறது. அதனால் கேஜில் 3 கூடித் தெரிய வேண்டும். ஆனால் கீழே 30 டிகிரியில் அடித்த காற்று மறுநாள் காலை ஊட்டியில் 10 டிகிரிக்குக் குளிரும்போது ஏறக்குறைய அதே 3 குறைந்துவிடுகிறது. இரண்டும் ஈடாகிவிடும். உண்மையான காரணம், ஓடிச் சூடான டயரில் கண்ணை மூடிக்கொண்டு 38, 40 என்று அடித்துவிடுவதுதான். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். கிட்டோடு சேர்த்துப் பக்கச்சுவர் தடித்த ஆஃப்-ரோட் டயரும் போட்டிருந்தால், நடுக்கத்தில் பெரும்பங்கு அதனுடையது. ஸ்பிரிங் மேல் பழி போடக் கூடாது.

அடுத்தது புஷ். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கைதான் ஆர்ம். ஆர்ம் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போவது முழுக்க ரப்பர் முறுகுவதால்தான். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பருக்கு அந்தத் தொங்கல் நிலைதான் இயல்பு நிலை ஆகிவிடும். கீழே இறக்கியதும் ரப்பர் முறுகி நின்றுகொண்டு, கூடுதல் ஸ்பிரிங் போலத் தள்ளும். வண்டி சில மில்லிமீட்டர் கூடுதலாகவே நிற்கும், சின்னப் பள்ளத்துக்கும் முரண்டு பிடிக்கும். அப்படியே சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், டார்ச் அடித்துப் பார்க்கும்போது உள்குழாயைச் சுற்றி நகக்கண் அளவில் பிறைவடிவ வெடிப்பு தெரியும்.

இதைச் சரிசெய்யப் புதிய பார்ட் எதுவும் வேண்டாம். வண்டியைப் பிட் மேல் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள். லோயர் ஆர்ம், பின் டிரெயிலிங் ஆர்ம், பான்ஹார்ட் ராடு (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), ஷாக்கின் கீழ்க்கண் (கீழ் முனையில் போல்ட் நுழையும் வளையம்) என எல்லா ரப்பர் புஷ் போல்ட்டுகளையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். கழற்ற வேண்டியதில்லை. முன்னும் பின்னும் பம்பரை அழுத்தி நாலைந்து முறை குலுக்கினால் ரப்பர் தன் இடத்துக்கு வரும். வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அந்த எடையை ஏற்றிவிட்டு, ஒர்க்‌ஷாப் மேனுவலில் அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்த பிறகும் அடித்தால்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

சிலர் கிட்டோடு பாலியூரிதேன் புஷ்ஷும் போட்டுவிடுகிறார்கள். பந்தயத்துக்கு அது சரி. உடைந்த தார்ச்சாலை விளிம்பில் சக்கரம் பின்னுக்குச் சற்று விலகிக் கொடுக்க வேண்டிய இடம், லோயர் ஆர்மின் பின் புஷ். அங்கே மட்டுமாவது ரப்பருக்குத் திரும்புவது நல்லது.

பம்ப் ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று ஊகிக்க வேண்டாம். ஷாக்கின் பளபளக்கும் ராடில், தூசி உறையை மேலே தூக்கிவிட்டு ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, சீல் வரை தள்ளிவையுங்கள். வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டுப் பார்த்தால், ஷாக் எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று டை நின்ற இடமே சொல்லும். அது பம்ப் ஸ்டாப்போடு ஒட்டி நின்றால் இடிக்கிறது என்று அர்த்தம். ராடைப் பிளையரால் பிடித்துச் சுற்றவே கூடாது. குரோமில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். மேல் நட்டை இம்பேக்ட் கன் வைத்து இறுக்குவதும் கெடுதல்தான். ராடு சுற்றி உள்ளே பிஸ்டன் நட்டு தளரலாம்.

ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்திவிட்டுப் பழைய நீள ஷாக்கையே வைத்திருந்தால், கீழே தொங்கும் ஓட்டத்தில் கிட்டத்தட்ட அந்த 40 மி.மீ. பறிபோகிறது. வேகத்தடை தாண்டிச் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுசாக நீண்டு தட்டுவதுதான் அந்த 'டக்'. தரையில் நிற்கும்போதும், சேஸிஸைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதும் ஷாக்கின் கண்ணிலிருந்து கண் வரை அளந்து வித்தியாசம் பாருங்கள். 50 மி.மீ. கூட இல்லையென்றால் நீளமான ஷாக் வேண்டும். சக்கரம் தொங்கும் அந்த நேரத்திலேயே பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்ப்பதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

ஷாக்கில் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளிக் திருகு இருந்தால், முழுக்கக் கடினப் பக்கம் திருப்பி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே மென்மைப் பக்கம் வாருங்கள். நடுவில் தொடங்கி இரண்டிரண்டு கிளிக்காக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே துண்டுச் சாலையில் ஓட்டுங்கள். லவ்டேல் சந்திப்பிலிருந்து எல்லநள்ளி வரை போதும். முதல் வேகத்தடையில் நன்றாக இருந்து, அடுத்தடுத்த மேடுகளில் அடி கூடிக்கொண்டே போனால் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வது) இறுக்கம் அதிகம். ஷாக் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் அடித்தால், ஸ்பிரிங்கின் சுமைத் தரம் தப்பு. பின்னால் எப்போதும் 100 கிலோ, 200 கிலோ இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங்கை, காலி வண்டியில் ஒருவர் மட்டும் போவதற்கு மாட்டினால் அது அமுங்கவே அமுங்காது. சோதிக்க எளிய வழி, டிக்கியில் இரண்டு மூட்டை சிமென்ட். சரியாக 100 கிலோ. மூட்டையோடு வண்டி பதமாக ஓடினால், ஷாக்கை வைத்துக்கொண்டு சுமைத் தரத்தில் ஒரு படி குறைந்த ஸ்பிரிங் மட்டும் வாங்கினால் போதும்.

நாள்பட்ட ஓட்டத்தில்: முதல் 1,000 கி.மீ.க்குள் ஸ்பிரிங் கொஞ்சம் படியும். அதன் பிறகு போல்ட்டுகளையும் வீல் அலைன்மென்டையும் மறுபடி பார்க்க வேண்டும். முன்பக்கமும் திட அச்சு வைத்த ஜிம்னியில், உயர்த்தியதும் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டேரிங் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து, வளைவு முடிந்தபின் ஸ்டேரிங் சோம்பலாகத் திரும்பும். அதற்கான திருத்தப் புஷ் தனியாகக் கிடைக்கும். ஹெட்லைட்டையும் கீழிறக்குங்கள். மூடுபனியில் மேலே பார்க்கும் வெளிச்சம் ஓட்டுபவர் கண்ணையே மறைக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலைகளில் ஷாக் எண்ணெய் தடித்து முதல் சில கிலோமீட்டர் விறைப்பாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம்.

ஷாக் உழைக்கிறதா என்பதை மேட்டுப்பாளையம் இறங்கியதும் கண்டுபிடிக்கலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து நிறுத்தியவுடன், சூடான பிரேக்கிலும் சைலன்சரிலும் படாமல் ஷாக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே சூட்டில், பின் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஜோடியில் ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை. அந்த ஜோடியையே மாற்றுங்கள்.