கேம் இசை: அடுக்குவதா, தாவுவதா?

ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப இசையும் மாற வேண்டும் என்றால் வழி இரண்டு. ஒரே இசையைப் பல டிராக்குகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, தேவைப்படும்போது ஒவ்வொன்றின் ஒலியளவையும் ஏற்றி இறக்குவது ஒன்று; இது அடுக்கு முறை. தனித்தனித் துண்டுகளாக இசையமைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது மற்றொன்று; இது தாவல் முறை. இரண்டுமே பழைய உத்திகள்தான். 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசர் மேல் ஏறியதும் அதே மெட்டோடு பாங்கோஸ் மேளம் சேர்ந்துகொள்ளும். 1991இல் மங்கி ஐலண்ட் 2 என்ற கேமுக்காக லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் ஐமியூஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குள் நுழைந்தால் இசை அறுபடாமல் வேறொன்றாகிவிடும்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேம் செய்பவர்களுக்கு அடுக்கு முறையைத்தான் முதலில் சொல்வேன். காரணம் நேரம். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட், அதாவது தாளத் தட்டு), பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நாலு பீட் என்றால், ஒரு பார் 2 நொடி. பார் தொடங்கிய மறுகணம் எதிரி வந்துவிட்டால், தாவல் முறையில் அடுத்த பார் வரும்வரை ஏறக்குறைய அந்த 2 நொடியும் பழைய இசையே ஓடும். அதற்குள் சண்டையே முடிந்திருக்கலாம். அடுத்த பீட்டிலேயே தாவச் சொன்னால் அரை நொடிதான். ஆனால் மெட்டு பாதியில் வெட்டுப்பட்டுக் காதை உறுத்தும். அடுக்கில் இந்தத் தொல்லை இல்லை. டிரம்ஸ் சத்தமில்லாமல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது ஏற்றினாலும் தாளத்தோடுதான் வந்து சேரும்.

ஆனால் எல்லா டிராக்குக்கும் ஒரே வேகம், ஒரே சுருதி, ஒரே கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசை என்ற கட்டுப்பாடு உண்டு. அமைதியான கிராமமும் கடைசி வில்லனும் அந்த ஒரே சட்டகத்துக்குள் அடங்க மாட்டார்கள். அங்கே தாவல்தான் சரி. அதையும் அழகாகச் செய்ய வழி இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இணைப்புத் துண்டு. மிருதங்கக்காரர் தீர்மானம் வைத்துச் சமத்தில் வந்து சேர்வது போல, அந்தத் துண்டு கேட்பவரைப் புதிய இசைக்குள் இறக்கிவிடும். உழைப்புதான் கூடிப்போகும். 5 துண்டுகள் இருந்தால் தாவும் திசைகள் 20. எல்லாவற்றுக்கும் தனித்தனி இணைப்பு எழுத வேண்டாம். போய்ச் சேரும் துண்டுக்கு ஒன்று வீதம் எழுதினாலே பெரும்பாலும் போதும்.

கேமை உருவாக்கும் மென்பொருளான இன்ஜின் பக்கம் வந்தால், 2024இல் வெளியான கோடோ (Godot) 4.3 இந்த இரண்டையும் உள்ளேயே வைத்திருக்கிறது. அதிலுள்ள ஆடியோஸ்ட்ரீம்சிங்க்ரனைஸ்டு என்ற வசதி 32 டிராக்குகள் வரை ஒன்றாக ஓட்டும். ஆடியோஸ்ட்ரீம்இன்டராக்டிவ் என்ற வசதி பீட் கணக்கில் தாவும், இணைப்புத் துண்டையும் ஏற்கும். பிபிஎம்மையும் பீட் எண்ணிக்கையையும் இம்போர்ட் செய்யும்போதே சரியாகக் கொடுத்துவிடுங்கள். சின்ன கேமுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிரல் எழுதாத இசையமைப்பாளர் ஒருவர் குழுவில் இருந்தால் மட்டும் எஃப்மாட் ஸ்டுடியோ என்ற கேம் ஒலி மென்பொருளுக்குப் போகலாம்: கேமை ஓட்டாமலே அளவுருவை (இசையை மாற்றும் மதிப்பை) நகர்த்தி, இசை மாறுவதை அவரே கேட்டுப் பார்க்கலாம். அதே வகையைச் சேர்ந்த வைஸ் (Wwise) இன்னும் ஆழமானது. பழகவும் அதிக காலம் பிடிக்கும்.

இசையமைக்கும் மென்பொருளில் எல்எம்எம்எஸ் இலவசம். டிராக்குகளைத் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்யும். ஆனால் அதன் 1.2 பதிப்பில் மைக் வைத்துப் பதிவு செய்ய முடியாது. புல்லாங்குழலோ குரலோ சேர்க்க வேண்டுமென்றால் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வாங்கலாம்; அதன் சலுகை உரிமம் 60 டாலர். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) முடியும் இடத்தில் ரிவெர்பின் வால் (மெல்ல அடங்கும் எதிரொலி) அறுந்துபோகுமே, அதற்கும் ரீப்பரின் ரெண்டர் சாளரத்தில் 'இரண்டாம் சுற்று' என்ற தேர்வு இருக்கிறது. அது அந்த வாலை லூப்பின் தொடக்கத்தில் கலந்துவிடும். கோப்பை எம்பி3 ஆக மட்டும் எடுக்காதீர்கள். அந்த வடிவம் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றிடத்தைச் சேர்ப்பதால் லூப் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கும். ஆக் வார்பிஸ் (Ogg Vorbis) வடிவம் போதும்.