‘மயக்க மருந்து ஒத்துக்கல’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதோடு வீட்டுக்கு வராதீர்கள்

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். மயக்கம் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, பிரஷர் சரிந்துவிட்டது. கத்தி வைக்காமலே நிறுத்தி, அட்ரினலின் கொடுத்து, ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள்: “மயக்க மருந்து அலர்ஜி. இனி தவிர்க்கவும்.” எந்த மருந்து என்று இல்லை. கேட்டால், “அடுத்த டாக்டருக்குப் புரியும்” என்று பதில். அடுத்த டாக்டருக்கு அதில் புரிய எதுவுமே இல்லை. கல்லும் உள்ளேயே இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் உடம்புக்குள் போவது ஒரு மருந்து அல்ல. வலிக்கு ஃபென்டனில், தூங்க வைக்க புரோபோஃபால், தசையைத் தளர்த்த அட்ராகூரியமோ ரோகுரோனியமோ, கூடவே ஆன்டிபயாடிக். சிறுநீர் டியூப் போட்டால் ஜெல்லி. அதில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி கலந்திருக்கலாம். தோலில் தடவும் கிருமிநாசினியிலும் அதுவே இருக்கலாம். பிரிட்டனில் 2018-இல் வெளியான தேசியத் தணிக்கையில், ஆபரேஷன் நேரத்துக் கடும் அலர்ஜிகளில் காரணம் தெரிந்தவற்றில் ஏறக்குறைய பாதி ஆன்டிபயாடிக்கால் வந்தது; மூன்றில் ஒரு பங்கு தசைத்தளர்த்தியால்; குளோர்ஹெக்சிடின் 9 சதவீதம். தூங்க வைக்கும் மருந்து அரிதாகவே குற்றவாளி. ஆனால் பழி விழுவது அதன் மேல்தான். விளைவு என்ன? அடுத்த ஆஸ்பத்திரியில் “மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டுச் செய்துவிடலாம்” என்பார்கள். போன தடவை ஆளைச் சாய்த்த அதே ஆன்டிபயாடிக்கை, முதுகு ஊசிக்கு முன்னால் நரம்பில் ஏற்றுவார்கள்.

“வார்டில் டெஸ்ட் டோஸ் போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே” என்ற சமாதானத்தையும் ஏற்காதீர்கள். கையில் புள்ளியாகப் போடும் அந்த ஊசி தடிக்கவில்லை என்பதால் அந்த மருந்து நிரபராதி ஆகிவிடாது. “தடிப்பே வரலை, அதனால் அலர்ஜி இல்லை” என்பதும் அப்படித்தான். துணி போர்த்திய உடம்பில் தடிப்பு கண்ணில் படாது. பல நேரம் பிரஷர் இறங்குவதுதான் முதல் அறிகுறி.

அலர்ஜிதானா என்று சொல்ல டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. ஆளைத் தேற்றியதும் ஒரு தடவை, அறிகுறி தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இன்னொன்று (நாலு மணியைத் தாண்டக் கூடாது), ஒரு நாள் கழித்து மூன்றாவது. இதிலும் ஒரு கோளாறு நடக்கும். லேப் ரிப்போர்ட்டில் 11.4 வரை நார்மல் என்று அச்சிட்டிருப்பார்கள். 9 வந்தால் ‘நார்மல்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். பார்க்க வேண்டியது அந்த எல்லையை அல்ல. கடைசி அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். கடைசி அளவு 5 என்றால் 8 வரும். அன்றைக்கு 9 இருந்திருந்தால் அது அலர்ஜிக்குச் சான்று.

அதனால் கேட்டு வாங்க வேண்டியது சம்மரி அல்ல, மயக்க மருந்துச் சார்ட்டின் நகல். எந்த மருந்து எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் போனது, பிரஷர் எப்போது விழுந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நேரம் முக்கியம்: நரம்பில் போன ஆன்டிபயாடிக் சில நிமிடத்தில் காட்டிவிடும், குளோர்ஹெக்சிடினும் ரப்பர் கையுறையும் தாமதமாகக் காட்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். இழுத்தடித்தால் பார்மசி பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு ஆம்பூலும் பேட்ச் எண்ணோடு அதில் இருக்கும். வாங்கியதெல்லாம் ஏற்றியது ஆகாது. தியேட்டர் ஸ்டாக்கிலிருந்து எடுத்தது பில்லில் வராமலும் போகலாம். இருந்தாலும் வெறுங்கையைவிட மேல்.

அந்தக் காகிதத்தோடு, நாலு முதல் ஆறு வாரம் கழித்து, மருந்து அலர்ஜிக்குத் தோல் பரிசோதனை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வாரம் முன்பே செட்ரிசின் வகை மாத்திரைகளை, எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ரிசல்ட் பொய் சொல்லும். அன்று போன ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள், குளோர்ஹெக்சிடினையும் சேர்த்து. ஒரு தசைத்தளர்த்தி ஒத்துக்கவில்லை என்றால் மற்றவற்றையும் பார்த்து எது ஆகும் என்று எழுதி வாங்க வேண்டும். அவற்றில் ஒன்று ஆகாதவருக்கு இன்னொன்றும் ஆகாமல் போவது சகஜம்.

லேப்களில் ‘கம்ப்ளீட் அலர்ஜி பேனல்’ என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குவார்கள். கத்தரிக்காய், இறால், தூசி எல்லாம் இருக்கும். உங்களுக்கு வேண்டிய அட்ராகூரியம் இருக்காது.

பரிசோதனைக்கு முன்பே அவசர ஆபரேஷன் வந்துவிட்டால், அன்று அலர்ஜிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கொடுத்த எல்லாவற்றையும் தவிர்க்கும்படி மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கில் பிடிக்கும் வாயு மட்டும் விதிவிலக்கு. தசைத்தளர்த்தி கொடுத்திருந்தால் அந்த வகை முழுவதும் கூடாது. ரப்பர் கையுறையும் குளோர்ஹெக்சிடினும் வேண்டாம், தோலில் தடவ பொவிடோன் அயோடின் போதும். சார்ட் நகலை பர்ஸில் வைக்காதீர்கள், போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.