பல்லில் கம்பி, வாயில் இனிப்பு: எந்த வழி தேறும்?

பல்லுக்குக் கம்பி போட்டதும் டாக்டர் சொல்லும் தடைகள் மூன்று. கடினமானதைக் கடிக்கக் கூடாது, ஒட்டுவதைத் தின்னக் கூடாது, இனிப்பைக் குறைக்க வேண்டும். முதல் இரண்டையும் பிள்ளைகள் ஓரளவு கேட்கிறார்கள். முறுக்கைக் கடித்து, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் கழன்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். மறுபடி போய் ஒட்ட வேண்டும், வீட்டில் திட்டும் விழும். மூன்றாவதை மீறினால் உடனே ஒன்றும் ஆவதில்லை. ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்துக் கம்பியைக் கழற்றும்போது, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியது மாதிரி வெள்ளைத் திட்டு நிற்கும். வாய் சுத்தம் மோசமாக இருந்தால், அந்தத் திட்டு விழத் தொடங்க ஒரு மாதமே போதும்.

என் மகள் பத்தாம் வகுப்பு, கம்பி போட்டிருக்கிறாள். இனிப்பைக் குறைக்க எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறோம். மகள் இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டும் என்பது அவள் அம்மாவின் கட்சி. ஆச்சிக்கு, சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் போதும். மகள் சீனிக்குப் பதிலாகப் போடும் மாற்று இனிப்பைக் கேட்கிறாள். நான், இனிப்பைச் சாப்பாட்டோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், வாய்க்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் தீர்ப்பு சுலபம். பல்லில் படியும் அழுக்கில் இருக்கும் பாக்டீரியா சீனியைத் தின்று அமிலம் விடுகிறது. சாப்பிட்ட சில நிமிஷங்களிலேயே அந்தப் படிவின் பிஎச் (அமிலத்தின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த அளவில் பல்லின் மேலுறையான எனாமலில் இருந்து கால்சியம் கரையத் தொடங்குகிறது. எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்ததைத் திருப்பிச் சேர்க்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஒரே மூச்சில் நாலு ஸ்பூன் சீனி சாப்பிட்டாலும் ஒரு சரிவுதான். அதே நாலு ஸ்பூனை நாலு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால் நாலு சரிவு. கம்பி போட்ட வாயில் இது இன்னும் மோசம். பிராக்கெட்டின் ஓரத்திலும் கம்பிக்கு அடியிலும் எச்சிலும் பிரஷ்ஷும் சரியாகப் போய்ச் சேராது. மாலையில் டீயில் தோய்த்து ஒரு ரஸ்க் தின்ற பிறகு கண்ணாடியில் பாருங்கள். கீழ்ப் பற்களின் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் மாவு ஒரு கோடாக அப்பிக்கொண்டு நிற்கும். தண்ணீர் கொப்பளித்தால் பாதிதான் போகும்.

அடியோடு நிறுத்துவது

பல்லுக்கு இதைவிட நல்லது கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைத் தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு, தோழியின் பிறந்தநாள் எல்லாவற்றிலும் கையைக் கட்டி உட்கார வைக்க முடியுமா? முடியாது. பள்ளிக்கூடப் பையில் ஒளிந்த சாக்லேட் மூன்று பீரியடுக்கு விள்ளல் விள்ளலாக வாய்க்குள் போகும். வீட்டில் எல்லார் முன்னாலும் ஒரே தடவையில் சாப்பிட்டிருந்தால் வந்திருக்கும் கெடுதல் அதைவிடக் குறைவுதான்.

கருப்பட்டி, வெல்லம், தேன்

ஆச்சியின் வாதத்துக்கு வீட்டில் செல்வாக்கு அதிகம். "சீனிதானே பல்லுக்கு ஆகாது, கருப்பட்டி போட்டுத் தாரேன்" என்று அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் தாதுச் சத்தும் உண்டு, காப்பிக்கு அது தரும் ருசியே தனி. ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். சீனியில் இருப்பதும் அதே சுக்ரோஸ். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு மூன்றும் ஒரே விருந்து. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரை அளவு பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது தேனையும் பழச்சாற்றையும் சீனியோடு சேர்த்தே கணக்கில் எடுத்தது. நாளுக்கு 25 கிராம், அதாவது சுமார் ஆறு ஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்பது அதன் யோசனை. இரண்டு ஸ்பூன் போட்ட டீ மூன்று குடித்தால் அந்தக் கணக்கு முடிந்துபோகும், சீனியானாலும் கருப்பட்டியானாலும்.

இன்னொரு சிக்கல், பெயரில் நல்லதாக இருப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. "வெல்லம்தானே" என்று ஒரு உருண்டை, "பேரீச்சம்பழம் சத்துதானே" என்று நாலு பழம். பேரீச்சம்பழம் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் கம்பிக்கு நடுவில் அது ஒட்டிக்கொண்டு கிடக்கும் அழகைப் பார்த்தால் ஆச்சியே வேண்டாம் என்பார்.

இதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வருத்தமான செய்தி ஒன்று. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு உண்டு. இரண்டில் எது ஆரோக்கியம் என்று யாரைக் கேட்டாலும் கடலை மிட்டாய் என்பார்கள், கடலையும் வெல்லமும் என்பதால். கம்பி போட்ட வாய்க்குத் தீர்ப்பு நேர் எதிர். கடலை மிட்டாய் கடிக்கும்போது பிராக்கெட்டைப் பெயர்க்கும், பெயர்க்காவிட்டால் பாகு ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்டரின் மூன்று தடைகளையும் ஒரே வாயில் மீறுகிற பண்டம் அது. பால்கோவாவில் சீனி தாராளம்தான், ஆனாலும் மெல்ல வேண்டியதில்லை, வாயில் கரைந்து போய்விடும். சாப்பாடு முடிந்த கையோடு ஒரு ஸ்பூன் பால்கோவா, பின்னால் தண்ணீர் என்றால் நான் விட்டுக்கொடுப்பேன். ரசகுல்லா, பாயசம், கேசரிக்கும் இதே சலுகை. டாஃபி, ஜெல்லி, சவ்வு மிட்டாய் போன்ற இழுவைச் சரக்குக்கு எந்த நேரத்திலும் கிடையாது.

மாற்று இனிப்புகள்

ஸ்டீவியா, சுக்ரலோஸ், சைலிட்டால் இவற்றைப் பாக்டீரியா அமிலமாக மாற்றுவதில்லை. அந்த வகையில் மகள் சொல்வது சரி. ஆனால் லேபிளைப் படிக்க வேண்டும். பொடியாக வரும் சில பாக்கெட்டுகளில் அளவைக் கூட்ட மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ சேர்த்திருப்பார்கள். அவை பாக்டீரியாவுக்குத் தீனிதான். டயட் கோலா இன்னும் தந்திரமானது. சீனி இல்லை, சரி. ஆனால் அந்தப் பானமே அமிலம், அதன் பிஎச் மூன்றுக்குப் பக்கத்தில் நிற்கும். பாக்டீரியாவின் தயவில்லாமல் நேரடியாக எனாமலை அரிக்கும். டீயில் ஒரு சொட்டு ஸ்டீவியா என்றால் ஆட்சேபம் இல்லை. அப்படியும் நாக்கு இனிப்புப் பழக்கத்தில் இருந்து மாறாது, அதுதான் என் குறை. டீக்கடையில் "சீனி கம்மி"யில் தொடங்கிச் சில வாரத்தில் "சீனி இல்லாமல்" வரை போனவர்கள் உண்டு. ஸ்டீவியாவில் தொடங்கியவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். வீட்டில் நாய் இருந்தால் ஒரு எச்சரிக்கை: சைலிட்டால் நாய்க்கு விஷம், பத்திரமாக வையுங்கள்.

சாப்பாட்டோடு மட்டும்

என் கட்சி இது. இதற்குப் பின்னால் கசப்பான ஒரு வரலாறு இருக்கிறது. சுவீடனில் விப்பேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940-களில், அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு அவர்கள் சம்மதமே கேட்காமல் இனிப்புக் கொடுத்துப் பல் சொத்தையை ஆராய்ந்தார்கள். இன்று நினைத்தாலே கூசுகிற காரியம். அதில் தெரிந்தது இதுதான்: சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை, சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது.

நடைமுறையில், இனிப்பு வேண்டுமா, மதியச் சாப்பாட்டின் கடைசியில் ஒரு தடவை. அப்போது எச்சில் நன்றாக ஊறும், பின்னால் மோர் குடிக்கலாம், கொப்பளிக்கலாம். மற்ற நேரத்துக்கு அவித்த கடலை, சுண்டல், வாழைப்பழத் துண்டு, தயிர். மாலை டீயைச் சீனி இல்லாமல் குடிக்கலாம். முடியாதென்றால் ஐந்து நிமிஷத்தில் குடித்து முடியுங்கள், புத்தகம் படித்துக்கொண்டே அரை மணி நேரம் உறிஞ்ச வேண்டாம். இரவு படுக்கும்முன் சீனி போட்ட பால் மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவ ஆளிருக்காது. ஃபுளோரைடு பேஸ்ட்டில் இரவு பிரஷ் செய்து, நுரையைத் துப்பிவிட்டு, வாயைத் தண்ணீரில் அலசாமல் படுப்பது நல்லது.

இந்த வழி உடைகிற இடம் கம்பியை முறுக்கிய பிறகு வரும் மூன்று நாள். பல் வலிக்கிறது, எதையும் மெல்ல முடியவில்லை, பாவம் என்று ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் ஊறவைத்த பிஸ்கட்டுமாக நாமே கொடுப்போம். எங்கள் வீட்டில் மாதத்திலேயே அதிக இனிப்பு அந்த மூன்று நாளில்தான் போகும். அதற்குப் பதில் குழைந்த தயிர்சாதம், இட்லியைப் பிசைந்து பருப்போடு, கஞ்சி, அவித்த முட்டை. மஞ்சள் தூக்கலான சாம்பாரில் கம்பியைக் கட்டும் ரப்பர் வளையம் மஞ்சளாகும், அது வெறும் நிறம், பல்லுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக, கம்பிக்குப் பதில் அலைனர், அதாவது பல்லின் மேல் கழற்றி மாட்டும் தட்டு, போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடலாம், கடலை மிட்டாய் கூடக் கடிக்கலாம், உண்மைதான். ஆனால் அதை மாட்டிக்கொண்டே சீனி டீ குடித்தால், டீ தட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் புகுந்து தேங்கும், எச்சில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நாளுக்கு நாலு டீ குடிக்கிற ஆளுக்கு, ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கொப்பளிக்கப் பொறுமை இல்லையென்றால் கம்பியே தேவலை.