இனானாவா இஷ்தாரா, எதை முதல்ல படிக்கலாம்?

ரெண்டுமே ஒரே தேவி பாதாளத்துக்குப் போற பழைய மெசபடோமியக் கதைதான் (சுமேரிய மொழியில அவ பேர் இனானா, அக்காடிய மொழியில இஷ்தார்), எதுல ஆரம்பிக்கறதுன்னு குழம்புறவங்களுக்கு இது.

நீளம்: சுமேரியம் 400 வரிக்கு மேல, அக்காடியம் 140 வரி பக்கம்.

வாசல்: ரெண்டுலயும் 7, ஒவ்வொண்ணுலயும் நகையோ துணியோ கழட்டணும். ஆனா இஷ்தார் வாசல்லயே, திறக்கலேன்னா கதவை உடைச்சு செத்தவங்களை எழுப்பி உயிரோட இருக்கறவங்களைத் தின்ன விடுவேன்னு மிரட்டுறா, செம கெத்து!

மீட்பு: இனானா பிணமா ஆணில தொங்குறா, ஞானக் கடவுள் என்கி தன் நக அழுக்குல ரெண்டு பேரை செஞ்சு அனுப்புறார், அவங்க பாதாள ராணி எரெஷ்கிகல் வலியில முனகும்போது கூடவே முனகி மனசைக் கரைச்சிடறாங்க (எனக்குப் பிடிச்ச இடமே இதான்). அக்காடியத்துல இயா (அதே என்கிதான்) ஒரே ஆளை அனுப்புறார், அவனுக்குக் கிடைக்கறது சாபம்.

இனானாவோட புருஷன் தூமுசி ஏன் பாதாளத்துல மாட்டுறான்னு தெளிவா புரியணும்னா சுமேரியம். ஒரே மூச்சுல முடிக்கணும்னா இஷ்தார்.