திருச்சிப் பயணம்: அக்கா கேட்ட ஒரே கேள்வி

சித்தி பேத்தியின் காதுகுத்துக்குத்தான் போனேன். அது நன்றாகவே நடந்தது. எழுத உட்கார்ந்தது அக்காவின் கழுத்துக் கட்டியைப் பற்றி.

தில்லைநகரில் காலையில் ஸ்கேன், மதியம் கட்டியில் ஊசி குத்தி கொஞ்சம் செல் எடுத்தார்கள், மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்துவிட்டது. நான் இருக்கும் லண்டனில் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், எழுதி, கடிதம் வந்து, இதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஊர் ஊர்தான் என்று பெருமையாக இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் கவரை நீட்டினார். தைராய்டு கட்டி, பெதெஸ்டா 5 (ஊசிப் பரிசோதனை முடிவுக்குப் போடும் வகை எண்), கேன்சராக இருக்கலாம் என்று சந்தேகம். நான் படிக்கப் படிக்க அக்கா என் முகத்தையே பார்த்தாள். டோக்கன் 43. இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே போனால் டாக்டர் நிமிரவே இல்லை. "புதன்கிழமை அட்மிட் ஆயிடுங்க, மொத்தமா எடுத்துடலாம்." அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எனக்கு எத்தனை நாள் சார்?" அவர் சீட்டு எழுதிக்கொண்டே, "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்மா" என்றார். அதற்குள் டோக்கன் 44 உள்ளே வந்து நின்றார்.

அந்த "அப்புறம்" எனக்கு இன்னும் ஆறவில்லை. லண்டனில் தாமதம் உண்டு, ஆனால் கேன்சர் என்று பேச்சு வந்ததும் ஒரு நர்ஸின் பெயரும் போன் நம்பரும் கொடுப்பார்கள். இங்கே அன்று ராத்திரி அக்கா எந்த நகை யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். 48 வயதுதான் ஆகிறது.

மறுநாள் மாமா உறையூரில் ஒரு ரிட்டயர்டு சர்ஜன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். திண்ணையில் செருப்பைக் கழற்றும்போதே பழைய ஊர் திரும்பி வந்தது. அவர் ஸ்கேன் கவரைத் திருப்பி தைராய்டு இப்படித்தான் இருக்கும் என்று ஒரு பட்டாம்பூச்சி வரைந்தார். இடது இறக்கையில் ஒரு புள்ளி. 1.8 செ.மீ.

"பெதெஸ்டா 5னா நாலு பேர்ல சுமார் மூணு பேருக்கு கேன்சர்னு வரும், ஒருத்தருக்கு இருக்காது. வந்தாலும் பெரும்பாலும் பாப்பிலரிங்கிற வகைதான். பத்து வருஷம் கழிச்சும் நூத்துக்கு 90 பேருக்கு மேல உயிரோட இருக்காங்க. உனக்கு 55 ஆகல, அதனால எங்கேயாவது பரவியிருந்தாக்கூட ரெண்டாம் ஸ்டேஜுக்கு மேல கணக்கு வராது. மெதுவா வளர்ற சாதி இது. 1 செ.மீ.க்குள்ள இருந்தா ஜப்பான்ல 1993லேர்ந்து அறுக்காம ஸ்கேன் மட்டும் பாத்துட்டு வர்றாங்க. உன்னது பெருசு, எடுக்கணும். ஆனா புதன்கிழமையேன்னு ஓட வேண்டாம்."

அக்கா அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் கவரிலேயே எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதுமா, குரல் நரம்புக்கு ஆபத்து உண்டா, கால்சியம் குறையுமா, ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டுமா. ஃபீஸ் வாங்கவில்லை.

அந்தக் கவரோடு வேறொரு சர்ஜனைப் பார்த்தோம். இடது பக்கம் மட்டும் எடுக்கலாம், திசு முடிவைப் பார்த்து மற்றதை முடிவு செய்யலாம் என்றார். பொங்கல் கழித்துத் தேதி. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.