எல்எஸ்மாடா, மாட்இன்ஃபோவா, சிஸ் கோப்புறையா?

லினக்ஸில் ஒரு டிரைவர் மக்கர் செய்தால் கை தானாகத் தட்டும் கட்டளை எல்எஸ்மாட்: கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், ஏற்றிக் கழற்றக்கூடிய டிரைவர் போன்ற துண்டுகளான மாட்யூல்களைப் பட்டியலிடுவது. அப்புறம், ஒரு மாட்யூலின் விவரம் சொல்லும் மாட்இன்ஃபோ. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) இரண்டும் கேமாட் என்ற ஒரே நிரலுக்குப் போகும் சிம்லிங்க்குகள், அதாவது குறுக்குவழிகள்தான். ஆனால் பார்க்கும் இடம் வேறு. எல்எஸ்மாட் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைக் கேட்கிறது. மாட்இன்ஃபோ டிஸ்க்கில் கிடக்கும் மாட்யூல் கோப்பைத் திறந்து படிக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதும் ஆள் வீட்டில் இருப்பதும் ஒன்றா என்ன?

எல்எஸ்மாட் காட்டுவது மூன்றே பத்தி: பெயர், பைட்டில் அளவு, யார் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவதில்தான் குழப்பம். டெபியன் லினக்ஸில் ஃபேட் வகை பென்டிரைவ் ஒன்றை மவுன்ட் செய்துவிட்டு (கோப்பு அமைப்பில் இணைத்துவிட்டு) பார்த்தால், வேறு ஃபேட் பகிர்வு இணைந்திருக்காவிட்டால், அதைப் படிக்கும் வீஃபேட் மாட்யூல் எதிரே 1 என்று இருக்கும், பக்கத்தில் பெயரே இருக்காது. பிடித்துக்கொண்டிருப்பது வேறு மாட்யூல் அல்ல, அந்த மவுன்ட். மாட்யூலைக் கழற்றும் ஆர்எம்மாட் கட்டளை அதைக் கழற்ற மறுப்பதும் அதனால்தான்.

உண்மையில் எல்எஸ்மாட், '/ப்ராக்/மாட்யூல்ஸ்' கோப்பை அழகுபடுத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். அழகுபடுத்தும்போது சிலவற்றை விட்டும்விடுகிறது. நேராக அந்தக் கோப்பையே, உள்ளடக்கத்தை அப்படியே காட்டும் 'கேட்' கட்டளையால் பார்த்தால் மாட்யூலின் நிலையும் கிடைக்கும், வரியின் கடைசியில் டெயின்ட் (கர்னலில் 'கலப்பு' என்ற எச்சரிக்கை) எழுத்துகளும் கிடைக்கும்: பி என்றால் தனியுரிம உரிமம், ஓ என்றால் கர்னல் மரத்துக்கு வெளியே உருவானது, இ என்றால் கையொப்பம் இல்லாதது. என்விடியாவின் மூடிய டிரைவர் போட்ட கணினிகளில் மூன்றும் சேர்ந்தே நிற்பதைப் பார்க்கலாம்.

மாட்இன்ஃபோவின் பலம் விளக்கம். உரிமம், சார்புகள், எந்தக் கர்னலுக்காகக் கம்பைல் ஆனது, என்னென்ன பாராமீட்டர்கள் (மாற்றக்கூடிய அமைப்புகள்) எல்லாம் சொல்லும். எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் என்ற ஒலி மாட்யூலைப் பற்றிக் கேட்டால், பவர்_சேவ் என்பது எத்தனை விநாடியில் தானாக மின்சேமிப்புக்குப் போவது என்பதற்கானது, 0 என்றால் அணைப்பு என்று சொல்லிவிடும். இப்போது அதன் மதிப்பு என்ன? அதைச் சொல்லாது. அதற்கு, ஓடும் கர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்புறையில், '/சிஸ்/மாட்யூல்' கீழே அந்த மாட்யூலின் பாராமீட்டர்ஸ் கோப்புறைக்குள் போக வேண்டும்.

என் ஓட்டு இந்த மூன்றாவது ஆளான சிஸ் கோப்புறைக்குத்தான். மாட்யூலைத் திரும்பக் கம்பைல் செய்து நிறுவிவிட்டு, பழையதைக் கழற்ற மறந்தால், மாட்இன்ஃபோ புதியதைப் பற்றிப் பேசும், நினைவகத்தில் ஓடுவது பழையதாக இருக்கும். மாட்இன்ஃபோ, சிஸ் இரண்டு பக்கமும் எஸ்ஆர்சிவெர்ஷன் (மூல நிரலின் அடையாள எண்) இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் ரீலோட் செய்ய வேண்டியதுதான். ஆர்ச் லினக்ஸில் கர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமல் இருந்தால் இன்னும் வேடிக்கை: பழைய கர்னலின் மாட்யூல் கோப்புகள் நீங்கிவிடுவதால் மாட்இன்ஃபோ கையை விரிக்கும், எல்எஸ்மாட் அதே பெயரை நிதானமாகக் காட்டும்.

எல்எஸ்மாட் முழுசாகக் கோட்டை விடுவது கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டவற்றில். உபுண்டுவில் ரூட் (முதன்மை) பகிர்வே இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பாக இருந்தாலும் பட்டியலில் அது வராது. மாட்இன்ஃபோ மட்டும் கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பில்ட்இன்' என்று காட்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் இதே வேலை செய்யும் கேஎல்டிஸ்டாட், மைனஸ் வி கொடுத்தால் கர்னலுக்குள் இருப்பதையும் சேர்த்தே கொட்டுகிறது. அந்த வசதி எல்எஸ்மாடில் இல்லாதது எனக்குக் குறைதான்.

சிஸ் கோப்புறையில் தேடும்போது ஒரு விஷயம்: கோப்பின் பெயரில் ஹைஃபன் இருந்தாலும் அங்கே அண்டர்ஸ்கோர்தான். மாட்இன்ஃபோ இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், கேட் ஏற்காது.